லைப்ரரி கம்பைலரோடு வந்துவிட்டதா இல்லையா: ஃபார்மட்டை வைத்து ஒரு முழு வழிகாட்டி

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கும் ஒருவருக்கு எடைச் சீட்டு போடும் சின்ன மென்பொருள் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். சி++ நிரல். புதுச்சேரி லாஸ்பேட்டையில் என் வீட்டு லேப்டாப்பில் உபுண்டு 24.04 என்ற லினக்ஸ். அவர் கடைக் கணினியில் உபுண்டு 22.04. என் லேப்டாப்பில் அழகாக ஓடியதை பென் டிரைவில் எடுத்துப் போய்ப் போட்டுவிட்டு, மாலையில் ஓட்டிப் பார்க்காமலே திரும்பிவிட்டேன். விடியற்காலை நாலரைக்கு போன்.

“தம்பி, போட்டு வந்துடுச்சு. மிஷின்ல சீட்டு வரமாட்டேங்குது. ஏதோ இங்கிலீஷ்ல ஒரு வரி வந்து நின்னுடுது.”

அந்த வரியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ‘ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_3.4.32 கிடைக்கவில்லை’ என்று இருந்தது. அன்றைக்கு முழுக்க வஞ்சிரமும் சங்கராவும் கையால் எழுதிய சீட்டில்தான் போயின.

அதற்கு முந்தைய வாரம்தான், இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்யும் ஒரு பையன் என்னிடம் வந்திருந்தான். “அண்ணா, ஃபார்மட் சி++20-லயே வந்துடுச்சுன்னு எல்லா இடத்துலயும் போட்டிருக்கு. எங்க லேப்ல மட்டும் ஏன் இல்லைங்குது?” ஃபார்மட் என்பது, சொற்களையும் எண்களையும் நாம் சொல்லும் அமைப்பில் அடுக்கித் தரும் சி++ வசதி. அவன் கேள்வியும் என் விடியற்காலைப் பிரச்சினையும் ஒன்றேதான். ‘வந்துவிட்டது’ என்கிற ஒற்றைச் சொல்லுக்குள் ஐந்து வெவ்வேறு தேதிகள் ஒளிந்திருக்கின்றன. எந்தத் தேதியைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒரு முன்குறிப்பு: கட்டளை, ஹெடர் (ஒரு லைப்ரரியைப் பயன்படுத்த நிரலின் தலையில் சேர்க்கும் கோப்பு), கொடி (கம்பைலருக்குக் கட்டளையோடு கொடுக்கும் குறிப்பு) எல்லாவற்றையும் இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்க வேண்டும்.

முதல் படி: ஐந்து தேதிகளைப் பிரித்து வையுங்கள்

ஃபார்மட்டையே எடுத்துக்கொள்வோம். விக்டர் ஸ்வெரோவிச் எழுதிய எஃப்எம்டி என்ற தனி லைப்ரரியிலிருந்து பிறந்தது அது. 2019 ஜூலையில் ஜெர்மனியின் கொலோன் நகரில் கூடிய சி++ தரக்குழு அதை ஏற்றுக்கொண்டது. இது முதல் தேதி. சி++20 தரம் அச்சாகி வெளிவந்தது 2020 டிசம்பரில், இது இரண்டாவது. இந்த இரண்டு தேதிகளிலும் உங்கள் கணினியில் எதுவும் மாறவில்லை. தரம் என்பது ஒரு ஆவணம், அவ்வளவுதான். அதைப் படித்து யாராவது உட்கார்ந்து எழுதினால்தான் லைப்ரரி உண்டாகும்.

லினக்ஸில் வழக்கமாக இருக்கும் கம்பைலரான ஜிசிசியில் அது சேர்ந்த முதல் வெளியீடு 13.1, 2023 ஏப்ரலில் வந்தது. இது மூன்றாவது தேதி. மைக்ரோசாஃப்ட் அதற்கு முன்பே, 2021 மே மாதம் வந்த விஷுவல் ஸ்டுடியோ 2019-ன் 16.10 பதிப்பிலேயே கொடுத்துவிட்டது. ஆக, விண்டோஸில் வேலை செய்யும் நண்பர் ‘இரண்டு வருஷமா யூஸ் பண்றேன்’ என்று சொன்னதும் உண்மை, லினக்ஸில் ‘இன்னும் வரலை’ என்று நீங்கள் சொன்னதும் உண்மை.

நாலாவது தேதி, உங்கள் லினக்ஸ் அந்த ஜிசிசியைத் தரும் நாள். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளில், 2024 ஏப்ரலில் வந்த 24.04-ல்தான் ஜிசிசி 13 இயல்பான கம்பைலராக வந்தது. 2023 ஜூனில், அதாவது ஜிசிசி 13 வெளிவந்த பிறகு, வெளியான டெபியன் என்ற இன்னொரு லினக்ஸின் 12-ஆம் பதிப்பில் இருப்பது ஜிசிசி 12.2. டெபியனை நம்பி இருப்பவருக்கு ஃபார்மட் கிடைத்தது 2025 ஆகஸ்டில், ஜிசிசி 14.2-ஓடு வந்த டெபியன் 13-ல். தரக்குழு கைதூக்கியதிலிருந்து கணக்குப் போட்டால் ஆறு வருஷம்.

ஐந்தாவது தேதியைத்தான் நான் கோட்டை விட்டேன்: நிரல் ஓடப்போகிற கணினிக்கு அந்த லைப்ரரி போய்ச் சேரும் நாள். எழுதுகிற கணினியில் வந்துவிட்டது என்பதற்கும் ஓடுகிற கணினியில் வந்துவிட்டது என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டாம் படி: பிழைச் செய்தியை முழுசாகப் படியுங்கள்

பிழை வந்தவுடனே கம்பைலரை மாற்றப் போகாதீர்கள். எந்தக் கட்டத்தில் சிக்கல் என்பதைப் பிழைச் செய்தியே சொல்லிவிடும். நாலு வகைதான் உண்டு.

ஹெடரைச் சேர்த்த வரியிலேயே ‘அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை’ என்று வந்தால், உங்கள் கம்பைலரோடு வந்த லைப்ரரியில் அது இன்னும் சேரவேயில்லை. அந்தப் பையனின் கல்லூரி லேபில் இருந்தது இதுதான். அங்கே டெபியன் 12.

ஹெடரை எடுத்துக்கொண்டு, பிறகு ‘ஃபார்மட் என்பது எஸ்டிடியின் உறுப்பு இல்லை’ என்று சொன்னால் (எஸ்டிடி என்பது சி++ அடிப்படை லைப்ரரியின் பெயர்) விஷயமே வேறு. லைப்ரரி இருக்கிறது, நீங்கள்தான் கதவைத் திறக்கவில்லை. ஜிசிசி 11-லிருந்து 15 வரை இயல்பான தரம் சி++17. ஜிசிசி 13-லும் அதேதான். ‘-எஸ்டிடி=சி++20’ என்ற கொடியைக் கொடுக்காவிட்டால் ஃபார்மட் ஹெடர் கிட்டத்தட்ட காலியாகவே விரியும். இதைத் தெரியாமல் ‘ஜிசிசி 13-லும் ஃபார்மட் இல்லை’ என்று முடிவு கட்டி, கம்பைலரை மூலத்திலிருந்து தானே கட்டப் புறப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் முழுக்க மின்விசிறி சத்தம் கேட்டதுதான் மிச்சம். ஒரே ஒரு கொடி போதும்.

கம்பைல் ஆகி, இணைக்கும்போது ‘வரையறுக்கப்படாத குறிப்பு’ என்று லிங்கர் (துண்டுகளை ஒன்றாக இணைக்கும் கருவி) கத்தினால், லைப்ரரி வந்திருக்கிறது, ஆனால் தனிக் கோப்பாக ஒதுங்கி நிற்கிறது. ஃபைல்சிஸ்டம் லைப்ரரி இப்படித்தான் படிப்படியாக வந்தது. முதலில் ‘எக்ஸ்பெரிமென்டல்’ அடைவுக்குள் இருந்தது. ஜிசிசி 8-ல் சொந்தப் பெயரோடு வந்தது, ஆனால் இணைக்கும்போது ‘-எல்எஸ்டிடிசி++எஃப்எஸ்’ சேர்க்க வேண்டும். ஜிசிசி 9-லிருந்து அதுவும் தேவையில்லை. ஒரே லைப்ரரிக்கு மூன்று ‘வந்துவிட்டது’. மூன்றும் அந்தந்த நேரத்தில் சரியான பதில்கள்தான். ஜிசிசி 8.3 கொண்ட டெபியன் 10 இன்னும் சில கடைகளில் ஓடிக்கொண்டிருப்பதால் இதை இன்றைக்கும் சந்திக்கலாம்.

நாலாவது, எல்லாம் முடிந்து நிரலை ஓட்டும்போது வருவது. அதைக் கடைசியில் விரிவாகப் பார்ப்போம்.

மூன்றாம் படி: எந்தப் பதிப்பில் சேர்ந்தது என்று சரியான இடத்தில் பாருங்கள்

ஜிசிசியின் எண் முறையைப் புரிந்துகொண்டால் நிறைய ஏமாற்றம் மிச்சமாகும். 2015-ல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து ஒரே வழக்கம். 13.0 என்றால் உருவாகிக்கொண்டிருக்கும் நிலை. 13.1 தான் முதல் வெளியீடு. 13.2, 13.3 பெரும்பாலும் பிழை திருத்தங்கள். ‘13-ல் வரும்’ என்று படித்தால் 13.1 என்று பொருள் கொள்ளுங்கள். ‘13.2-ல் புதுசாக ஏதாவது லைப்ரரி சேர்ந்திருக்குமா’ என்று காத்திருப்பதில் பயனில்லை.

வருஷச் சக்கரமும் உண்டு. புது வசதிகளைச் சேர்க்கும் முதல் கட்டம் நவம்பர் நடுவில் மூடும். அதன்பின் ஜனவரி நடு வரை பொதுவான திருத்தங்கள், அதற்கும் பிறகு பழைய வேலைகளைக் கெடுத்த பிழைகளும் ஆவணங்களும் மட்டும். ஏப்ரல் கடைசி அல்லது மே முதலில் வெளியீடு. ஜூலையில் ஒருவர் ‘பிரிண்ட் லைப்ரரியைச் சேர்த்துவிட்டோம்’ என்று அறிவித்தால், அது உங்கள் கைக்கு வர அடுத்த சித்திரை தாண்ட வேண்டும். சி++23-ன் பிரிண்ட் உண்மையில் 2024 மே மாதம் ஜிசிசி 14.1-ல்தான் வந்தது.

இங்கேதான் ஒரு பெரிய பள்ளம். ஜிசிசியின் சி++ லைப்ரரி கையேட்டை இணையத்தில் நேராகத் திறந்தால் வருவது உருவாகிக்கொண்டிருக்கும் பதிப்பின் கையேடு. அதில் ஒரு வசதிக்கு எதிரே ‘ஆம்’ என்று இருந்தால், மூலக் கிளையில், அதாவது இன்னும் வெளியிடப்படாத அன்றைய நிரலில், இருக்கிறது என்றுதான் அர்த்தம். அந்தந்த வெளியீட்டுக்கு என்று தனிக் கையேடுகள் எண்ணோடு இருக்கின்றன. அவற்றைத்தான் பார்க்க வேண்டும். ‘ஜிசிசி 14-ன் மாற்றங்கள்’ போன்ற பக்கங்களும் வெளியீட்டுக்குப் பல மாதங்கள் முன்பே திறந்து, வேலை நடக்க நடக்க நிரம்பும். பக்கம் இருப்பதால் வெளியீடு வந்துவிட்டதாக ஆகாது.

அந்தப் பையன் விழுந்ததும் இதே பள்ளத்தில்தான். பல கம்பைலர்களை இணையத்திலேயே ஓட்டிப் பார்க்க உதவும் கம்பைலர் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறான், ஓடியிருக்கிறது. அவன் திரையைக் காட்டச் சொன்னேன். கம்பைலர் பெட்டியில் ‘ட்ரங்க்’ என்று இருந்தது. அதாவது அன்றைய மூலக் கிளை. அதை 12.2-க்கு மாற்றச் சொன்னேன். லேபில் வந்த அதே பிழை அப்படியே அங்கேயும் வந்தது. அந்தத் தளம் அருமையான கருவி. உங்கள் கணினியில் இருக்கும் எண்ணையே அங்கேயும் தேர்ந்தெடுங்கள்.

நாலாம் படி: உங்கள் கையில் இருப்பது என்ன?

‘ஜி++ --வெர்ஷன்’ அடித்தால் எண் வரும். உபுண்டு 20.04 என்றால் ஜிசிசி 9, 22.04 என்றால் 11, 24.04 என்றால் 13. ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8-ல் 8, அதன் 9-ல் 11. 22.04-ன் களஞ்சியத்திலேயே ஜிசிசி 12-ஐத் தனியாக நிறுவிக்கொள்ளலாம், ஆனால் ஃபார்மட்டுக்கு அதுவும் போதாது.

ஜிசிசிக்குப் பதிலாக கிளாங் என்ற கம்பைலரைப் பயன்படுத்துபவர்கள் இந்தப் பத்தியை நிதானமாகப் படியுங்கள். லினக்ஸில் கிளாங் இயல்பாகத் தன் லைப்ரரியைப் பயன்படுத்தாது. கணினியில் இருக்கும் ஜிசிசியின் லைப்ரரியைத்தான் எடுத்துக்கொள்ளும். உபுண்டு 22.04-ல் கிளாங் 17-ஐ நிறுவினாலும் அது பார்ப்பது ஜிசிசி 11-ன் ஹெடர்களை. ஃபார்மட் இருக்காது. கம்பைலர் புதுசு, லைப்ரரி பழசு. கிளாங்குக்கென்று இருக்கும் லிப்சி++-ஐ நிறுவி ‘-எஸ்டிடிலிப்=லிப்சி++’ என்று கொடுத்தால் வேலை நடக்கும். கம்பைலரும் லைப்ரரியும் தனித்தனி பொருள்கள், ஒரே பொட்டலத்தில் வந்தாலும் தனித்தனிதான் என்பது மனதில் பதிய இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் படி: இருக்கிறது என்பதாலேயே நம்பிவிடாதீர்கள்

எழுத்துக்களின் வடிவத்தைச் சொல்லித் தேட உதவும் ரெஜெக்ஸ் லைப்ரரியின் கதை பழசு, ஆனால் தெரிந்திருக்க வேண்டியது. ஜிசிசி 4.8-ல் ரெஜெக்ஸ் ஹெடர் இருந்தது. சேர்க்கலாம், கம்பைல் ஆகும். ஆனால் உள்ளே பெரும்பகுதி எழுதப்படவே இல்லை. ஓட்டும்போது விதிவிலக்கை வீசும், இல்லையென்றால் தவறான பதில் தரும். சரியாக எழுதப்பட்டது 2014 ஏப்ரலில் வந்த 4.9-ல். அதே 2014-ல் வந்த சென்ட் ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் ஜிசிசி 4.8-ஐ வைத்துக்கொண்டது. அதன் ஆதரவு முடிந்தது 2024 ஜூன் 30. பத்து வருஷம், உலகம் முழுக்க சர்வர்களில் இருந்தது வேலை செய்யாத ஒரு ரெஜெக்ஸ். பிழைச் செய்தி தருகிற குறையை அன்றே கண்டுபிடித்துவிடலாம். தப்பான பதில் தருகிற குறைதான் ஆளைக் கொல்லும்.

ஃபார்மட்டிலேயே தமிழருக்கு நேராக உறைக்கிற ஒன்று உண்டு. மீன் பெயர்களைப் பன்னிரண்டு இட அகலத்தில் வரிசையாக அடுக்கச் சொன்னேன். ‘வஞ்சிரம்’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து: வ, ஞ், சி, ர, ம். யூனிகோட் குறியீடுகளாக எண்ணினால் எட்டு. யூடிஎஃப்-8 பைட்டுகளாக எண்ணினால் இருபத்துநாலு. ஜிசிசி 13-ன் ஃபார்மட் பைட்டைத்தான் எண்ணுகிறது. இருபத்துநாலு ஏற்கெனவே பன்னிரண்டைத் தாண்டிவிட்டதால் ஒரு இடைவெளிகூட விடாது. எடை எண் பெயரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். ‘இறால்’ மூன்று எழுத்து, பதினைந்து பைட்டு, அதற்கும் அதே கதி. நான் வைத்திருந்த எஃப்எம்டி லைப்ரரி குறியீடுகளை எண்ணியதால் எட்டு என்று கணக்குப் போட்டது. ஜிசிசி 14-ல்தான் தரம் சொல்கிறபடி எழுத்துக்கூட்டமாக எண்ணி ஐந்து என்று சரியாகச் சொல்கிறது. ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்தவருக்கு இது கண்ணில் படவே படாது. உங்கள் நிரலில் தமிழ் வரும் என்றால் முதல் சோதனையே தமிழில் இருக்கட்டும்.

ஆறாம் படி: இரண்டு நிலைக்கும் பொருந்துகிற மாதிரி எழுதுங்கள்

பதிப்பு எண்ணை வைத்து ‘ஜிசிசி 13-க்கு மேல் என்றால்’ என்று எழுதாதீர்கள். மேலே சொன்ன கிளாங் சிக்கலில் அது பொய்யாகிவிடும். ‘வெர்ஷன்’ என்று ஒரு ஹெடர் இருக்கிறது, ஜிசிசி 9-லிருந்து. அதைச் சேர்த்தால், எந்த வசதி உண்மையில் கிடைக்கிறதோ அதற்கான அடையாள மேக்ரோ (நிரலுக்குள் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு பெயர்) வரையறையாகியிருக்கும். ஃபார்மட்டுக்கு ‘__சிபிபி_லிப்_ஃபார்மட்’. லைப்ரரி பழசாக இருந்தாலும், கொடி கொடுக்க மறந்திருந்தாலும் இது இருக்காது. இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்.

நான் வழக்கமாகச் செய்வது: ‘எழுத்து’ என்ற பெயரில் ஒரு சின்ன ஹெடர். மேக்ரோ இருந்தால் எஸ்டிடியின் ஃபார்மட்டை என் பெயர்வெளிக்குள் கொண்டுவரும், இல்லாவிட்டால் எஃப்எம்டியின் ஃபார்மட்டைக் கொண்டுவரும். மற்ற கோப்புகள் எதிலும் எஸ்டிடி ஃபார்மட் என்றோ எஃப்எம்டி என்றோ நேரடியாக வராது. எஃப்எம்டியை ஹெடர் மட்டும் என்ற முறையில் சேர்த்தால், ஓடுகிற கணினியில் இன்னொரு கோப்பை நிறுவ வேண்டிய வேலையும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. வெளியே வளர்ந்த லைப்ரரி தரத்துக்குள் வரும்போது அதே உருவில் வருவதில்லை. சீட்டின் அமைப்பை ஒரு கோப்பிலிருந்து படித்து, அந்தச் சரத்தை அப்படியே ஃபார்மட்டுக்குக் கொடுத்திருந்தேன், கடைக்காரர் தானே மாற்றிக்கொள்ளட்டும் என்று. எஸ்டிடி ஃபார்மட் மறுத்துவிட்டது. 2021-ல் செய்த திருத்தத்தின்படி, அமைப்புச் சரம் கம்பைல் நேரத்திலேயே தெரிந்தாக வேண்டும். ஓடும்போது படிக்கும் சரத்துக்கு ‘வி-ஃபார்மட்’ என்ற தனிச் செயற்கூறு. கோ மொழியிலும் இப்படியே நடந்தது. ஸ்லைசஸ் பொட்டலம் 2023 ஆகஸ்டில் கோ 1.21-ல் உள்ளே வந்தபோது, வரிசைப்படுத்தும் செயற்கூறுக்குக் கொடுக்கிற ஒப்பீடு, முன்பு இருந்த ‘சிறியதா, ஆம் இல்லை’ என்பதிலிருந்து எண் தருவதாக மாறிவிட்டது. இறக்குமதி வரியை மட்டும் மாற்றினால் ஓடாது.

கோவிலும் ரஸ்டிலும் இந்தத் தலைவலி குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே அடிப்படை லைப்ரரி கம்பைலரோடு ஒரே எண்ணில் வருகிறது. ரஸ்டின் லேஸிலாக் 1.80-ல் வந்தது என்றால் 1.80 இருக்கும் எல்லாரிடமும் அது இருக்கிறது.

ஏழாம் படி: ஓடப்போகிற கணினியைக் கேளுங்கள்

ஜிசிசியின் சி++ லைப்ரரி ‘லிப்எஸ்டிடிசி++.எஸ்ஓ.6’ என்ற பகிர்வுக் கோப்பு. அதற்குள் ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் என்ற பெயரில் எண்கள் முத்திரையாக இருக்கும். ஜிசிசி 11 வரை 3.4.29, 12-ல் 3.4.30, 13.2-ல் 3.4.32, 14-ல் 3.4.33. உபுண்டு 22.04-ன் கம்பைலர் 11 என்றாலும் இந்தக் கோப்பு மட்டும் 12-லிருந்து வருகிறது, ஆகவே 3.4.30 வரை உண்டு. என் லேப்டாப்பில் கட்டிய நிரல் 3.4.32 கேட்டது. ஃபார்மட்டைப் பயன்படுத்தியதால்தான் என்று முதலில் நினைத்தேன். இல்லை. ஐயோஸ்ட்ரீம் சேர்த்த ‘வணக்கம்’ நிரலைக் கட்டினாலும் 13.2 அதையேதான் கேட்கும்.

உங்கள் நிரல் என்ன கேட்கிறது என்பதை ‘ஆப்ஜ்டம்ப் -டி’ காட்டும் (இந்த டி மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்து T). அங்கே என்ன இருக்கிறது என்பதை அந்தக் கணினியில் ‘ஸ்ட்ரிங்ஸ்’ கட்டளையை அந்தக் கோப்பின் மேல் ஓட்டிப் பார்க்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம்.

தீர்வு மூன்று. லைப்ரரியை நிரலுக்குள்ளேயே இணைப்பது, ‘-ஸ்டாடிக்-லிப்எஸ்டிடிசி++’ கொடியால். எளிது, ஆனால் அதற்கடியில் இருக்கும் ஜிலிப்சி என்ற சி லைப்ரரி அடுத்த தடையாக நிற்கும். 24.04-ல் அது 2.39, 22.04-ல் 2.35. முதல் பிழை போய், ஜிலிப்சி_2.38 கேட்டு இன்னொரு பிழை வரும். இரண்டாவது, ரெட் ஹேட் தரும் ஜிசிசி டூல்செட். புதுக் கம்பைலரைப் பழைய கணினியில் தந்து, பழைய லைப்ரரியில் இல்லாத பகுதிகளை மட்டும் நிரலுக்குள்ளேயே இணைத்துவிடும். நன்றாகச் சிந்தித்துச் செய்த ஏற்பாடு, ஆனால் அந்தக் குடும்ப லினக்ஸுக்கு மட்டும். மூன்றாவது, நான் இப்போது எல்லாருக்கும் சொல்வது: உங்கள் வாடிக்கையாளர்களிடம் இருப்பதிலேயே பழைய கணினி எதுவோ, அதே லினக்ஸை ஒரு டாக்கர் பெட்டியில் (உங்கள் கணினிக்குள்ளேயே தனியாக இயங்கும் இன்னொரு லினக்ஸ் சூழல்) வைத்து அதற்குள் கட்டுங்கள். பழையதில் கட்டியது புதியதில் ஓடும், திருப்பி ஓடாது.

அன்று காலை எட்டு மணி பஸ்ஸில் கடலூர் போகும் முன் அதைத்தான் செய்தேன். உபுண்டு 22.04 பெட்டி, ஜிசிசி 11, எஃப்எம்டி ஹெடர்கள். மேக்ரோ இல்லாததால் ‘எழுத்து’ ஹெடர் தானாகவே எஃப்எம்டி பக்கம் திரும்பியது. கோப்பிலிருந்து படிக்கும் அமைப்புச் சரத்தை இரண்டு பக்கமும் வி-ஃபார்மட்டுக்கே மாற்றினேன். அகலக் கணக்கை மட்டும் எஃப்எம்டியிடம் விடாமல், எழுத்துக்கூட்டத்தை நானே எண்ணி இடைவெளி விடும் ஒரு சின்னச் செயற்கூறு எழுதிச் சேர்த்தேன். கடையில் முதலில் ஆப்ஜ்டம்ப், பிறகு ஸ்ட்ரிங்ஸ். 3.4.29-க்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் நாலு மணிக்கே துறைமுகத்தில் இருந்தேன். முதல் பெட்டி தராசில் ஏறியது. ‘வஞ்சிரம்’, ஏழு இடைவெளி, எடை. அவர் சீட்டைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “அடுத்தது வைப்பா” என்றார்.